பூவும் கோடும் கட்டமும்: பழைய ஆடைகளைக் கலந்து புதிய டாப்ஸ் தைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணியவும் மனமில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை என்ற நிலையில் அலமாரியில் கிடக்கும் இரண்டு மூன்று ஆடைகளைப் பிரித்து, வெவ்வேறு டிசைன் துணிகளைச் சேர்த்து ஒரே டாப்ஸாகத் தைப்பது எப்படி? அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகள் இவை. தையல் மெஷினில் நேராகத் தைக்கத் தெரிந்திருந்தால் போதும். காலர், பட்டன் பட்டி, காஜா போன்ற கடினமான வேலைகளைப் பழைய ஆடையே செய்து வைத்திருக்கிறது.

எந்த மாதிரி ஆடைகளை எடுக்கலாம்?

ஆண்களின் பருத்திச் சட்டைதான் என் முதல் தேர்வு. அதன் பின்பாகம் பெரும்பாலும் இடையில் தையலே இல்லாத ஒரே துண்டு. அரை மீட்டருக்கு மேல் அகலம் இருக்கும். நல்ல பருத்தி என்றால் பல ஆண்டுகள் துவைத்த பிறகும் உறுதியாகவே இருக்கும். அடுத்தது விரிந்த பாவாடை, சுருக்கம் வைத்த கவுன். உடலை ஒட்டித் தைத்த, டார்ட் (உடல் வளைவுக்காக உள்ளே மடித்துத் தைக்கும் மடிப்பு) நிறையப் பிடித்த ஆடைகளைப் பிரித்தால் கையகலத் துண்டுகள்தான் மிஞ்சும். அவற்றைப் பட்டைகளுக்கும் பாக்கெட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எடுத்த ஆடையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். முழங்கை, அக்குள், காலர் மடிப்பு, உட்காரும் பகுதி ஆகிய இடங்களில் இழை மெலிந்திருந்தால் அங்கே வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். சந்தேகமான இடத்தை இரண்டு கைகளாலும் பிடித்துச் சற்று வலுவாக இழுத்துப் பாருங்கள். இழைகள் விலகினால் அந்தப் பகுதியைச் சாக்கட்டியால் கோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள். "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஆசைப்பட்டு அதையும் சேர்த்துக்கொண்டால், புதிய டாப்ஸ் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும். பழைய இழையைப் புதிய தையல் அறுத்துவிடும்.

அக்குளில் பிடித்த மஞ்சள் கறையோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பூப்போட்ட துணியும் கட்டம் போட்ட துணியும் ஒன்றாகச் சேருமா?

சேரும். ஆனால் எந்தப் பூவோடு எந்தக் கட்டம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் நிறத்தைச் சொல்கிறார்கள். டிசைனின் அளவை மறந்துவிடுகிறார்கள். இரண்டு துணிகளிலும் ஒரே அளவுப் பூக்கள் இருந்தால், நிறம் எவ்வளவு பொருந்தினாலும் கண் எதில் நிற்பது என்று தெரியாமல் தடுமாறும். ஒன்றில் உள்ளங்கை அகலப் பூ, இன்னொன்றில் நகத்தளவு புள்ளி, மூன்றாவதில் மெல்லிய கோடு என்று அளவு மாறி மாறி வந்தால் அவற்றுக்குள் சண்டை வராது.

அடுத்தது நிறம். எல்லாத் துணிகளும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. அப்படி இருந்தால் சலிப்பூட்டும். ஒரு துணியில் ஓரமாக வந்துபோகும் நிறம், இன்னொன்றில் முக்கிய நிறமாக இருக்கட்டும். பூத்துணியில் பூவின் நடுவில் மட்டும் தெரியும் கருநீலம், பக்கத்துத் துணியின் கோடாக வந்தால் இரண்டும் ஒரே குடும்பமாகிவிடும். வெள்ளையிலும் கவனம் தேவை. பளிச்சென்ற வெள்ளைக்கு அருகில் சந்தன நிறத்தை வைத்தால், சந்தன நிறம் அழுக்கேறிய வெள்ளையாகத் தெரியும். துணிகளின் அடிநிறம் எல்லாம் ஒரே வகை வெள்ளையாக இருக்கட்டும், அல்லது எதுவுமே வெள்ளையாக இல்லாமல் இருக்கட்டும்.

மூன்றாவது, நிறத்தின் அழுத்தம். துணிகளை அருகருகே விரித்து, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், தைத்த பிறகு எந்தத் துணி எங்கே முடிகிறது என்று எட்ட நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஒன்று வெளிர், ஒன்று நடுத்தரம், ஒன்று அடர்த்தி என்று இருந்தால் டாப்ஸின் அமைப்பு துலங்கும்.

எத்தனை டிசைன்? மூன்று டிசைன்களும் ஒரு வெற்றுத் துணியும் போதும் என்பேன். அந்த வெற்றுத் துணியைத் தவிர்க்காதீர்கள். கண் இளைப்பாற ஓர் இடம் வேண்டும். எல்லாவற்றையும் சம அளவில் பங்கு போடவும் வேண்டாம். ஒரு துணி டாப்ஸின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, மற்றவை அதற்குத் துணையாக வரட்டும். எதை எதோடு சேர்ப்பது என்று முடிவே எடுக்க முடியவில்லை என்றால் கோடு போட்ட துணியைக் கையில் எடுங்கள். அது அநேகமாக எல்லா டிசைனோடும் ஒத்துப்போகும்.

பருத்தியோடு ரேயான், பாலியஸ்டர் எல்லாம் சேர்த்துத் தைக்கலாமா?

டிசைன் பொருந்தாத டாப்ஸையாவது துணிச்சலாக அணிந்துகொள்ளலாம். துணியின் கனம் பொருந்தாத டாப்ஸ் அலமாரிக்கே திரும்பிப் போகும். மொடமொடப்பான பருத்தியோடு வழுக்கி விழும் ரேயானை நெடுக்காக இணைத்தால், ஒரு பக்கம் விறைத்து நிற்க மறுபக்கம் தொங்கும், இணைப்பு நெளியும். அதனால் இரண்டு துணிகளையும் இரண்டு கைகளில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி விழுந்தால், பெயர் என்னவாக இருந்தாலும் தைக்கலாம்.

கனம் வேறுபட்டாலும் விடுவதற்கு மனம் வரவில்லை என்றால், கனமானதை மேலே வையுங்கள். தோளில் தனித் துண்டாக வரும் யோக் கனமான துணியிலும், அதன்கீழ் சுருக்கம் வைத்து இறங்கும் பகுதி மெல்லிய துணியிலும் இருந்தால் அழகாக விழும். மாற்றி வைத்தால் கீழ்ப்பகுதியின் எடை மேலே உள்ள மெல்லிய துணியை இழுத்துத் தையலைப் பிதுக்கும்.

துவைத்தால் துணி சுருங்குவதும் கவனிக்க வேண்டிய ஒன்று. பருத்தியும் ரேயானும் தண்ணீர் பட்டால் சுருங்கும். பாலியஸ்டர் அநேகமாகச் சுருங்காது. பழைய ஆடைகள் பலமுறை துவைத்தவை என்பதால் சுருங்க வேண்டியது பெரும்பாலும் சுருங்கியிருக்கும். இந்த வேலையில் பழைய துணிக்கு உள்ள பெரிய வசதி இது. நடுவில் புதுத் துணி ஏதாவது வாங்கிச் சேர்ப்பதாக இருந்தால் அதை மட்டும் முதலில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

லேபிள் இல்லை. என்ன துணி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்தையலில் இருந்து நாலைந்து இழைகளை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, லினன், ரேயான் மூன்றும் காகிதம் எரிவதுபோல் எரிந்து மிருதுவான சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாடையோடு தயங்கித் தயங்கி எரியும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணி என்றால் சாம்பலும் மணியும் சேர்ந்தே இருக்கும்.

சாயம் இறங்கி மற்ற துணியைக் கெடுத்துவிடுமா?

அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றைத் தைப்பதற்கு முன்பே சோதியுங்கள். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, சந்தேகப்படும் துணியின் மேல் வைத்துச் சூடான இஸ்திரியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி இன்னும் சாயம் விடுகிறது என்று பொருள். தண்ணீர் தெளிவாகும் வரை தனியாக அலசுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் அதை வெளிர்த் துணியோடு சேர்க்க வேண்டாம். உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் பருத்தியின் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாயம் ஏற்றும் நேரத்தில் உப்பு உதவும் என்பது உண்மை. ஏற்கெனவே ஏற்றிய, தளர்ந்த சாயத்தை அது பூட்டி வைக்காது.

தையலைப் பிரிக்க வேண்டுமா, ஓரமாக வெட்டிவிடலாமா?

துணி தாராளமாக இருந்தால் வெட்டிவிடுங்கள். சட்டையின் பக்கத்தில் வரும் இரட்டைத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தால் ஒரு மாலைப் பொழுது போய்விடும். அதை ஒட்டி வெட்டினால் இழப்பது பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர்தான். துணி குறைவாக இருக்கும்போது பிரிக்கலாம். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்துக்கொண்டே போய், மறுபக்க நூலைப் பிடித்து இழுத்தால் நீளமாக உருவிக்கொண்டு வரும். தையலை இரண்டு பக்கமும் பிடித்துப் பிளந்து இழுப்பது வேகமான வழிதான், ஆனால் மெல்லிய துணி கிழிந்துவிடும்.

பிரித்த இடத்தில் வெயிலும் துவைப்பும் படாத பழைய நிறம் தெரியவரும். பாக்கெட்டைக் கழற்றினால் அதே வடிவத்தில் ஓர் அடர்ந்த கட்டமும், அதைச் சுற்றி ஊசித்துளைகளும் மிஞ்சும். பாக்கெட்டை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய வேறு டிசைன் பாக்கெட்டை அதன்மேல் வைத்துத் தையுங்கள். அவிழ்த்துவிட்ட ஓர மடிப்பிலும் இதே கதைதான். மடிப்புக் கோட்டை ஈரத்துணி போட்டு இஸ்திரியால் சமன் செய்துவிடலாம். வெளுத்த கோடு மட்டும் போகாது. அந்தக் கோடு தையலுக்குள் மறையும்படி வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய ஆடையின் எந்தப் பகுதியை எங்கே வைப்பது?

துணியை வெறும் துணியாகப் பார்க்காதீர்கள். காஜா போட்டுப் பட்டன் தைத்த பட்டி, காலர், கஃப் (கைமுனைப் பட்டி), மடித்துத் தைத்த கீழ் ஓரம், யோக் ஆகியவை எல்லாம் ஒருவர் பொறுமையாகச் செய்து முடித்த வேலைகள். முதலில் அவற்றுக்கு இடம் கண்டுபிடியுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

மிகச் சுலபமான அமைப்பு ஒன்றைச் சொல்கிறேன். கோடு போட்ட சட்டையின் முன்பாகத்தை பட்டன் பட்டியோடு எடுத்து, பட்டன்களைப் போட்ட நிலையிலேயே ஒரே துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். காலரையும் அதைச் சுற்றித் தேய்ந்த பகுதியையும் வெட்டி நீக்கினால் வட்டக் கழுத்து கிடைக்கும். இதை டாப்ஸின் பின்பாகமாக வையுங்கள். முதுகில் பட்டன் வரிசையோடு வரும் டாப்ஸ் அழகாகவே இருக்கும். முன்பாகத்துக்குப் பெரிய பூப்போட்ட துணி. கைகளுக்குப் பொடிப் புள்ளி. கீழ் ஓரத்துக்குப் பாவாடையின் அடிப்பகுதி. அது மடித்துத் தைத்தே இருக்கிறது என்பதால் மேலே மட்டும் இணைத்தால் போதும்.

கண் முதலில் போகும் இடம் முகத்துக்கு அருகில் உள்ள பகுதி. உங்களுக்கு மிகவும் பிடித்த துணியை அங்கே வையுங்கள். பெரிய டிசைனைச் சிறு துண்டுகளாக நறுக்கினால் பூவின் பாதியும் இலையின் காலும்தான் தெரியும். அதற்கு விரிந்த இடம் கொடுங்கள். பெரிய வட்டமோ பூவோ மார்பின் இருபுறமும் சரியாக வந்து உட்காராமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. துணியை உடல்மேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். மேல் கீழ் என்று திசை உள்ள டிசைனில் பறவைகள் தலைகீழாகப் பறக்காமல் இருக்க, வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டிலும் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

அளவுக் காகிதம் இல்லாமல் எப்படி வெட்டுவது?

சரியாகப் பொருந்தும், இழுபடாத துணியில் தைத்த, தளர்வான டாப்ஸ் ஒன்றை எடுத்து நடுவில் மடித்துப் பழைய செய்தித்தாளின் மேல் பரப்பி, சுற்றிக் கோடு போடுங்கள். தையலுக்காக, மடிப்பு வரும் பக்கத்தைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் 1.5 செ.மீ., கீழ் ஓரத்துக்கு 3 செ.மீ. கூட்டுங்கள். முன்கழுத்து பின்கழுத்தைவிடத் தாழ்வாக இருக்கும் என்பதால் இரண்டையும் தனித்தனியாக வரைய வேண்டும். மார்புச் சுற்றளவைவிட டாப்ஸின் சுற்றளவு குறைந்தது 8 முதல் 10 செ.மீ. கூடுதலாக இருந்தால்தான் கையைத் தூக்கி இறக்க முடியும்.

பனியன் துணியில் தைத்த டாப்ஸை மாதிரியாக வைக்காதீர்கள். அது நீண்டு கொடுப்பதால் பொருந்துகிறது. அதே அளவில் நீளாத பருத்தித் துணியில் தைத்தால் தலை நுழையாது.

துண்டுகளை இணைத்தால் அளவு குறைந்துபோகிறதே?

ஒவ்வொரு இணைப்பும் துணியைத் தின்னும். தைத்து முடித்த முன்பாகத்தின் அகலம் 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதை ஐந்து பட்டைகளால் தைக்கிறீர்கள். பட்டையின் ஒவ்வொரு பக்கத்திலும் தையலுக்கு 1 செ.மீ. விடுகிறீர்கள். அப்படியானால் பட்டைகளின் மொத்த அகலம் 60 செ.மீ. இருக்க வேண்டும். பக்கத்துக்கு 1.5 செ.மீ. விட்டால் 65 செ.மீ. தேவை.

இந்தக் கணக்கே தலைவலியாக இருக்கிறது என்றால், முதலில் பட்டைகளை எல்லாம் இணைத்து, இஸ்திரி போட்டு, ஒரே பெரிய துணியாக ஆக்கிக்கொள்ளுங்கள். பிறகு அதன்மேல் அளவுக் காகிதத்தை வைத்து வெட்டுங்கள். எனக்குப் பிடித்த முறை இதுதான். சற்றுத் துணி வீணாகும், அளவு தவறாது.

இழையின் திசையைப் பார்க்க வேண்டுமா? துண்டுத் துணிதானே?

துண்டுத் துணி என்பதால்தான் கூடுதலாகப் பார்க்க வேண்டும். பழைய ஆடையில் கரை (நெய்யும்போதே வரும் பிரியாத ஓரம்) இருக்காது. எது பாவு (நெடுக்கே ஓடும் இழை), எது ஊடை (குறுக்கே ஓடும் இழை) என்று தெரியாது. இரண்டு திசைகளிலும் இழுத்துப் பாருங்கள். குறைவாக நீளும் திசைதான் பெரும்பாலும் பாவு. அது டாப்ஸில் மேலிருந்து கீழாக வரட்டும். துணி பற்றாமல் குறுக்கே வைத்தாலும் குடி முழுகிவிடாது. குறுக்குச் சாய்வாக வைத்தால்தான் ஆபத்து. சாய்வாக வெட்டிய துண்டு நாளடைவில் தொங்கி, கீழ் ஓரம் ஏறி இறங்கிப் போகும்.

கோடுகளும் கட்டங்களும் தையலில் பொருந்த வேண்டுமா?

ஒரே துணி அருகருகே வரும் இடத்தில் பொருந்தினால் அழகு. வெவ்வேறு துணிகள் சந்திக்கும் இடத்தில் அந்தக் கவலையே இல்லை. ஆனால் கோடு நேராக நிற்க வேண்டும். இரண்டு டிகிரி சாய்ந்திருந்தால்கூட எட்ட நின்றே தெரியும்.

உள்ளே இத்தனை தையல்கள். பிசிறு பிரியாதா?

பிரியும். துண்டுகளை இணைத்துத் தைத்த ஆடை சீக்கிரம் கெடுவதற்கு இதுதான் முதல் காரணம். ஓரப் பிசிறைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லாதவர்கள் மெல்லிய துணிகளுக்குப் பிரெஞ்சுத் தையல் போடலாம். துணியின் உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, ஓரத்தில் இருந்து 6 மி.மீ. தள்ளித் தையுங்கள். மிச்சத்தை 3 மி.மீ. அளவுக்குக் கத்தரித்து, திருப்பிப் போட்டு, இஸ்திரி போடுங்கள். இப்போது நல்ல பக்கங்கள் சேர்ந்திருக்கும். மடிப்பில் இருந்து 9 மி.மீ. தள்ளி இன்னொரு தையல். இரண்டும் சேர்ந்து 1.5 செ.மீ. ஆகும், பிசிறு முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும்.

கனமான துணியில் இது தடித்துப்போகும். கை வைக்கும் வளைவிலும் சிரமம். அங்கெல்லாம் ஜிக்ஜாக் போதும்.

ஒவ்வொரு தையலையும் போட்ட உடனே இஸ்திரி போடுங்கள். பல துண்டுகளை இணைக்கும்போது இதைத் தள்ளிப்போட்டால், குறுக்கே அடுத்த தையல் விழும் இடத்தில் உள்மடிப்பு புரண்டு மேடாகிவிடும். பாலியஸ்டர் கலந்திருந்தால் சூட்டைக் குறைத்து, மேலே பருத்தித் துணி போட்டுத் தேய்க்கவும்.

என்ன ஊசி, என்ன நூல்?

சாதாரணச் சட்டைத் துணிக்கு 80/12 ஊசி, மெல்லியதற்கு 70/10, ஜீன்ஸ் துணிக்கு 90/14 அல்லது அதற்கு மேல். தையலின் நீளம் 2.5 மி.மீ. நூலின் நிறத்தை ஒவ்வொரு துணிக்கும் மாற்ற வேண்டாம். நடுத்தரச் சாம்பல் நூல் பெரும்பாலான டிசைன்களுக்குள் மறைந்துவிடும்.

பனியன் துணியையும் சேர்க்கலாமா?

முதல் முயற்சியில் வேண்டாம். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் பக்கவாட்டுப் பட்டையாக மட்டும் வையுங்கள். உருண்டை முனை ஊசியும் குறுகிய ஜிக்ஜாக் தையலும் தேவை. தைக்கும்போது அதை இழுக்கக் கூடாது.

கழுத்தை எப்படி முடிப்பது?

கிராஸ் பீஸ் வைத்து. வெற்றுத் துணியிலோ பொடி டிசைனிலோ 45 டிகிரி சாய்வில் 3 முதல் 4 செ.மீ. அகலப் பட்டை வெட்டுங்கள். கழுத்தின் நல்ல பக்கத்தில் வைத்துத் தைத்து, வளைவுகளில் தையல் வரை போகாமல் சிறு வெட்டுகள் கொடுத்து, உள்ளே மடித்துத் தையுங்கள். கோடு போட்ட துணியைச் சாய்வாக வெட்டிக் கழுத்தில் வைத்தால், முறுக்கிய கயிறுபோல் ஓர் ஓரம் கிடைக்கும். செலவில்லாத அலங்காரம் அது.

மெஷின் இல்லை. கையால் தைக்கலாமா?

தைக்கலாம். இணைப்புகளுக்குப் பின்தையல் (ஒவ்வொரு முறையும் ஒரு தையல் பின்னால் போய்க் குத்தி முன்னால் வருவது) போடுங்கள். அக்குளிலும் தோளிலும் நெருக்கமாக. வெறும் நூலோட்டம் தாங்காது.

தைத்து முடித்தேன், கோமாளி உடை போல் இருக்கிறது. என்ன செய்வது?

பிரிப்பதற்கு முன் எது உறுத்துகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு பகுதியாக வெற்றுத் துணியால் மூடி, எட்ட நின்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு துண்டுதான் குற்றவாளி. அதுவும் அநேகமாகக் கைகளாக இருக்கும். கைகளை மட்டும் வெற்றுத் துணியில் மாற்றினால் மொத்தமும் அடங்கிவிடும். இரண்டு டிசைன்கள் முட்டிக்கொள்ளும் எல்லையில் விரலகல வெற்றுப் பட்டை ஒன்றை மேலே வைத்துத் தைப்பதும் பலன் தரும்.

எதுவும் சரிவரவில்லை என்றால் முழு டாப்ஸையும் ஒரே நிறத்தில் முக்கி எடுக்கலாம். டிசைன்கள் அடியில் இருந்து எட்டிப் பார்க்கும், நிறம் ஒன்றாகிவிடும். பருத்திக்கான சாயம் பாலியஸ்டரில் ஏறாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்தியது பாலியஸ்டர் நூல் என்றால் தையல்கள் பழைய நிறத்திலேயே நிற்கும். மேல்தையல் இருந்தால் பளிச்சென்று தெரியும். சிலருக்கு அது பிடித்தும் இருக்கிறது.

எப்படித் துவைப்பது?

சேர்த்த துணிகளில் எது மென்மையானதோ அதற்கு ஏற்றபடி. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் துவைத்து நிழலில் காயவையுங்கள். முதல் துவைப்பு முடிந்ததும் தையல்களை ஒருமுறை உள்ளே திருப்பிப் பாருங்கள். விலக ஆரம்பித்திருக்கும் இடம் அப்போதே தெரிந்துவிடும். அங்கே மட்டும் இரண்டாவது வரிசை தையல் போட்டால் போதும்.